சின்னத்துரை விட்டுப்போன கார்

நானுஓயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீரய்யா லொறி ஓட்டினார். 1958ஆம் ஆண்டு மாசி மாதம், கராஜின் மூலையில் ஐந்து வருடமாகக் கிடந்த சிவப்புக் காரைத் தோட்டம் விற்கப்போவதாகப் பேச்சு வந்தது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார் அது. நுவரெலியா மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டுவதற்காக, தோட்டத்தின் உதவி மேலாளராக இருந்த ஒரு சின்னத்துரை கப்பலில் வரவழைத்தது. அவர் சீமைக்குத் திரும்பியபோது அப்படியே விட்டுவிட்டுப் போனார். இப்போது அதன் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டன. இருக்கைத் தோலை எலி கடித்திருந்தது.

வீரய்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதனடியில் படுத்துக் கிடந்தார். அடிச்சட்டம் துருப்பிடிக்கவில்லை. கியர்கள் வெண்ணெய் போல விழுந்தன. என்ஜினின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஓடிய வெடிப்பு ஒன்றுதான் குறை. அதையும் ஒட்டித்தரக் கண்டியில் ஆள் இருந்தார். தன் கையால் இதை மறுபடி ஓடவைக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த எண்ணம் வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். கராஜ் வாசலில் நின்று பார்த்தார்.

"நீர் எடுக்கிறதெண்டால் துரையிட்டைச் சொல்லுறன். வெடிச்ச என்ஜின், விலை பெரிசாச் சொல்லமாட்டார். அந்த மாயாண்டி செய்த வேலையாலை உமக்கு மலிவாக் கிடைக்கப்போகுது."

வீரய்யா கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என்ஜின் வெடித்த காலத்தில் மாயாண்டிதான் கராஜ் காவல்காரர். 1953 தை மாதம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்த பனி. என்ஜினுக்குள் தண்ணீர் நின்றால் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும், சாயங்காலமே இறக்கிவிடு என்று சின்னத்துரை சொன்னது வீரய்யாவிடம்தான். என்ஜின் சூடு ஆறட்டும் என்று நினைத்த வீரய்யா, குளிருக்கு இதமாகத் தொழிற்சாலையின் அடுப்படிக்குப் போனார். அங்கேயே தூங்கிப்போனார். விடிந்தபோது என்ஜின் வெடித்திருந்தது.

தோட்டத்தின் பெரிய துரை கேட்டபோது, "மாயாண்டிகிட்ட சொல்லிட்டுத்தான் போனேனுங்க" என்றார் வீரய்யா. மாயாண்டி மறுக்கவில்லை. அந்த வாரமே அவருக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றினார்கள். குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று. மனைவி காளியாயி தலையில் பெட்டியோடும் இடுப்பில் பிள்ளையோடும் இறங்கிப் போனதை, வீரய்யா லொறிக்குள் இருந்து பார்த்தார்.

அந்த மாயாண்டியின் பேரைச் சொல்லி அந்தக் காரை வாங்க முடியவில்லை. வாங்காமலும் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு ரயிலேறி றொசல்லையில் இறங்கினார்.

மாயாண்டி அங்கே மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் வேலை செய்தார். பலகைத் தடுப்பு வைத்த ஒற்றை அறை வீடு. காளியாயி தேநீர் கொண்டுவந்து வைத்தார். வீரய்யா அதைத் தொடவில்லை.

"அண்ணே, அன்னிக்கி ஒங்ககிட்ட நான் ஒண்ணுமே சொல்லல. தண்ணி எறக்க வேண்டியது நான். தூங்கிட்டேன். தொரைகிட்ட பொய் சொன்னேன்."

மாயாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கி கொஞ்சம் குடிச்சிருந்தேன் வீரய்யா. நீ சொல்லியிருப்ப, நாந்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் குடியத் தொடவேயில்ல."

"அஞ்சு வருசம் இவர வையாத நாளில்ல" என்றார் காளியாயி. குரல் உயரவில்லை. "குடிச்சே குடும்பத்தத் தெருவுல விட்டீங்கன்னு வைவேன். தலையக் குனிஞ்சுகிட்டு நிப்பாரு. எங்ககிட்ட வந்து சொல்லி என்னா செய்ய? எங்க பொய் சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை வீரய்யா ஆபீஸில் ஜெயரத்தினத்தின் மேசை முன் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கிளாக்கர் பேனாவை மூடினார்.

"இதைத் துரையிட்டைச் சொன்னால் உம்மை லொறியிலை ஏற விடமாட்டார். விளங்குதே?"

"விளங்குதுங்க. எழுதுங்க."

"அப்ப கார்?"

"வேணாமுங்க. அந்த வெடிப்ப நானே ஒட்டவச்சு, நானே ஏறிப்போக முடியாதுங்க."

லொறி வேலை போயிற்று. வீரய்யாவைத் தொழிற்சாலையில் விறகு சுமக்கப் போட்டார்கள். வேலையும் காம்பராவும் தருவதாக மாயாண்டிக்குக் கடிதம் போனது. அவர் வரவில்லை. பிள்ளைகள் றொசல்லைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று பதில் எழுதியிருந்தார். காரைக் கண்டியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப்போனார். அதை லொறியில் தள்ளி ஏற்ற நாலு பேரைக் கூப்பிட்டபோது வீரய்யாவும் போய்த் தோள் கொடுத்தார்.

சொன்னபின் மனம் லேசாகும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். ஆகவில்லை. காளியாயி ஐந்து வருடம் வைததை நினைக்கும்போதெல்லாம் விறகுக் கட்டை இறக்கிவைத்துவிட்டுச் சற்று நிற்பார்.

1964இல் மாயாண்டியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. போவதா வேண்டாமா என்று கடைசி நாள்வரை தவித்துவிட்டுப் போனார். பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்தார். காளியாயிதான் சோறு பரிமாறிக்கொண்டு வந்தார். வீரய்யாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இலை காலியானதும் திரும்பி வந்து, கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.