பக்கத்து இலை

அம்சம் பந்தியில் உட்காரும்போதே பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டாள். அங்கே யாரையும் உட்கார விடவில்லை.

"யாருக்குக்கா எடம் புடிக்கிற? மந்திரி வராரா?" என்றார் சங்கச் செயலாளர் செல்லதுரை, பொங்கல் வாளியும் கையுமாக.

"மந்திரி வந்தா ஒன் மடியில ஒக்கார வச்சுக்க."

பந்தி முழுக்கச் சிரிப்பு.

கூலிப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் திரும்பி வந்த நாளின் நினைவுப் பந்தி அது. அந்த முதல் வருஷம், காலையில் லாரியிலிருந்து இறங்கியவர்கள் குடிசைக்குப் போகவில்லை. அதுவரை செருப்போடு நடக்க முடியாத மேலத்தெருவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் அதே தெருவில் காலைப் பந்தி. யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: யாருக்கும் கட்டிக்கொடுப்பதில்லை. பண்ணைக் கொல்லையில் ஏந்தி வாங்கி, எடுத்துப்போய்த் தின்று வளர்ந்தவர்கள் வைத்த கட்டுப்பாடு. முதலில் சொன்னவள் அம்சம்.

நடவுக்காரி. கொடியைப் பிடித்துக்கொண்டு பெண்களுக்கு முன்னால் நடந்தவள். போலீஸ் தேடிவந்தபோது அவளை மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது பண்ணை வீட்டு மருமகள் சரசா. மாமனாருக்குத் தெரிந்திருந்தால் பிறந்த வீட்டுக்கு வண்டி ஏற்றியிருப்பார். இருவருக்கும் ஒரே வயது. போலீஸ்காரர் வாசலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனதைச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் தயிர்சாத இலையைத் தரையில் வைத்துவிட்டு, தள்ளி நின்றுகொண்டுதான் "சாப்பிடுடி" என்றாள் சரசா. அம்சமும் அப்படியே சாப்பிட்டாள். அந்த இடைவெளி பசி மாதிரி அவளுக்குள் தங்கிவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் போய்க் கூப்பிடுவாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்டி" என்பாள் சரசா. நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மிஞ்சிய நிலத்தையும் வீட்டையும் இந்த வருஷம் விற்றாகிவிட்டது. இன்று மெட்ராஸுக்குக் கிளம்புகிறார்கள்.

கார் பந்தலருகே நின்றது. சரசா இறங்கினாள். அம்சம் எழுந்தே விட்டாள்.

"வாங்க சரசாம்மா. இலை போட்டிருக்கு."

சரசா இலையைப் பார்த்தாள். காருக்குள்ளிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"ரயிலுக்கு நாழியாயிடுத்துடி. ஒரு பொட்டலமாக் கட்டிக் குடேன். வழியில சாப்பிடறேன். சத்தியமா ஒரு பருக்கை கொட்டமாட்டேன்."

அவள் குரலில் பொய் இல்லை. செல்லதுரைகூட மனமிளகி ஓர் இலையைக் கையில் எடுத்துவிட்டார். அம்சம் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கட்டிக் குடுக்கிற பழக்கம் இல்லீங்க. ஒக்காந்து ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்."

ஹாரன் அடித்தது. சரசா கையை நீட்டி அம்சத்தின் தோளைத் தொட்டாள். இத்தனை வருஷத்தில் தொட்டதில்லை.

"வரேன்டி."

கார் நகர்ந்தது. தூசி பந்தலுக்குள் வந்து அடங்கியது.

"ஒக்காருக்கா, ஆறிப்போவுது" என்றார் செல்லதுரை.

"செத்த இருப்பா" என்றாள் அம்சம். "வண்டி ஊரெல்லை வாய்க்கால் பாலம் தாண்டட்டும்."