அப்பா சுற்றிப் போகச் சொன்ன தெரு

ரங்கூனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பாவுக்குச் சோறு ஆறுவதுகூடத் தெரியாது. யாங்கோன் என்று யாராவது திருத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐந்து வயதில் அந்த ஊரை விட்டு வந்த எனக்கு நினைவிருந்ததெல்லாம் செங்குத்தான ஒரு மாடிப்படி மட்டும்தான். மற்ற எல்லாமே சென்னையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்தவை.

நான் வேலை பார்த்த துணி ஏற்றுமதி நிறுவனம் இரண்டாயிரத்து ஒன்பதில் என்னை நான்கு நாள் அங்கே அனுப்பியது. சேதி தெரிந்ததும் அப்பா பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் முழுக்க வழி எழுதிக் கொடுத்தார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் இல்லையா, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். சூலே பகோடாவில் தொடங்கு, கிழக்கே நட, இடப்பக்கத் தெருக்களை எண்ணிக்கொண்டே போ. எங்கே நிற்க வேண்டும், எதை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. அம்மா அந்தத் தாளை வாங்கி ஒரு முறை படித்தாள். மடித்து என் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கத் தொடங்கினேன். பத்தாவது நிமிடத்திலேயே அப்பா மேல் கோபம் வந்தது. அவர் படம் பார்த்த தியேட்டர் மரச்சாமான் கிடங்காகியிருந்தது. 'நிழலிலேயே நடந்து போகலாம்' என்று எழுதியிருந்த சாலையில் நிழலே இல்லை. போன வருடப் புயலில் விழுந்த பெரிய மரங்களின் அடிக்கட்டைகள்தான் வரிசையாக நின்றன. வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் கட்டடங்களின் சன்னல் இடுக்குகளில் அரசங்கன்றுகள் முளைத்திருந்தன. இருபது வருடமாக இந்த ஊரையா நான் சிநேகிதிகளிடம் பீற்றிக்கொண்டேன்? நடுத்தெருவில் நின்று எனக்கு அழுகை வந்தது. வெயிலால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் குடியிருந்த பசுந்தாங் பேட்டை வந்ததும் மனம் கொஞ்சம் தேறியது. சந்தை, பட்டறைகள், பிதுங்கி வழியும் பஸ்கள் என்று அங்கே எல்லாம் அப்பா சொன்னபடியே இருந்தன. எங்கள் பழைய வீடு இன்னும் இரண்டு தெரு தள்ளி. தாளில் இப்படி எழுதியிருந்தார்: 'இங்கே வலப்பக்கம் திரும்பாதே. சாக்கடையும் நாயும் அதிகம். நேரே ஓடைப் பாலம்வரை போய்ச் சுற்றி வா.' பாலத்தைச் சுற்றிப் போனால் அரை மணி நேரம், அந்தத் தெரு வழியாகப் போனால் மூன்றே நிமிடம். சுற்றுவழி என்றாலே எனக்கு ஆகாது. வலப்பக்கம் திரும்பினேன்.

சாக்கடையும் இல்லை, நாயும் இல்லை. இருபுறமும் நான்கு மாடிக் குடியிருப்புகள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கியது. கீழே வரும் வியாபாரி கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர்கள் கூடையை இறக்கிச் சாமானை ஏற்றிக்கொள்வார்கள். படியேறும் சிரமம் இல்லாமல் அந்த ஊரே இப்படித்தான் வாழ்கிறது. ஒரு காய்கறிக்காரி கயிற்றை ஆட்டி "அமா! அமா!" என்று கூப்பிட்டாள். அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா. அவ்வளவு பர்மியம் எனக்குத் தெரியும்.

மூன்றாவது மாடியில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பர்மியப் பெண்கள்போலக் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். கூடை இறங்கி வந்து என் தோளில் இடிக்கவும் அவள் பர்மிய மொழியில் ஏதோ கத்தினாள். "எனக்குப் புரியலைங்க" என்று தமிழில் சொல்லி நிமிர்ந்தேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். எண்பத்தெட்டுக் கலவரத்தில் ராணுவம் சுட்ட குண்டு பட்டு இறந்துவிட்டாள் என்றும், அந்தத் துக்கத்தில்தான் ஊரை விட்டு வந்தோம் என்றும் வீட்டில் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் அவள் படம் தொங்குகிறது. இடப்புருவத்தின் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு. நாற்காலி போட்டு ஏறும் வயதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் படத்துக்குக் குங்குமம் வைத்து மாலை போடுவது என் வேலை. அந்தப் புருவத்தை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் வரையத் தெரியும்.

அந்தப் புருவம் மூன்றாவது மாடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தமிழாளா? எங்கேருந்தும்மா வர்றே?"

"மெட்ராஸ்லேர்ந்து. பக்கத்துத் தெருவிலே இருந்தோம். துறைமுகத்துக் கிளார்க் வீடு. நான் அவரோட சின்னப் பொண்ணு."

காயோடு பாதி ஏறியிருந்த கூடையின் கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. வெங்காயமும் கத்தரிக்காயும் தெருவெங்கும் உருண்டன. காய்கறிக்காரி திட்டத் தொடங்கினாள். நான் அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். பேயைக் கண்டதுபோல் என்று எல்லோரும் சும்மா சொல்கிறார்கள். பேய் படியிறங்கி ஓடிவரும் சத்தத்தை நான் கேட்டேன்.

அவள் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். "ஒத்தப் பல்லு விழுந்திருந்துச்சு உனக்கு, அப்பப் பாத்தது" என்றாள். அழவில்லை. நான்தான் ஊளையிட்டேன்.

பர்மிய பஸ் டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டாளாம். அப்பா தலைமுழுகிவிட்டார். அடுத்த தெருவிலேயே அவள் குடித்தனம் நடத்த, எட்டு மாதம் அவர் பாலம்வரை போய்ச் சுற்றித்தான் வேலைக்குப் போனாராம். பிறகு ஊரையே விட்டு வந்துவிட்டார். எனக்கு எழுதிக் கொடுத்தது அவர் தினமும் நடந்த அதே சுற்றுவழி.

"அம்மாவைக் காட்டேன்" என்றாள்.

பையிலிருந்த காமிராவில் பொங்கலுக்கு எடுத்த படம் இருந்தது. யோசிக்காமல் காட்டிவிட்டேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே சுவரில், மாலையோடு அக்கா. பதறி அடுத்த படத்துக்குத் தள்ளப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான்தானே?"

தலையாட்டினேன்.

"எப்படிச் செத்தேன்னு சொல்லிருக்காங்க?"

"குண்டு பட்டு. கலவரத்துல."

"சுட்ட அன்னைக்கெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள சமைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். "பூ புதுசா இருக்கே. யாரு வைக்கிறது?"

"நான்."

"அம்மா வைக்கமாட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே அது உறைத்தது. இத்தனை வருடத்தில் அம்மா ஒரு நாளும் அந்தப் படத்துக்குப் பூ வைத்ததில்லை, பொட்டும் வைத்ததில்லை. எனக்கு அம்மை போட்டிருந்த வாரம்கூட மாலை வாடியபடியே கிடந்தது. பெற்றவளால் பார்க்க முடியவில்லை போலும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அம்மா அப்பா இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்லி மாளாது. உயிரோடு இருக்கிறவளுக்கு என் கையால் மாலை போட வைத்திருக்கிறார்கள்.

"இப்பவே பேசணும், வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வெளிநாட்டுக்குப் பேச நான் தங்கியிருந்த விடுதிக்குத்தான் போக வேண்டும். வந்த வழியே இருவரும் நடந்தோம். அவள் வீட்டுச் செருப்போடு வந்தாள். அப்பா அண்ணாந்து பார்க்கச் சொன்ன எதையும் நான் பார்க்கவில்லை.

அம்மாதான் எடுத்தாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"அம்மா, அப்பா சுற்றிப் போகச் சொன்ன தெருவுக்குள்ளே போயிட்டேன்."

டிவியின் சத்தம் குறைந்தது. ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. யாரைப் பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை.

"அவளுக்கு எத்தனை பிள்ளைங்கடி?" என்றாள், மெல்ல.

எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவே இல்லை. ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன்.