படத்தில் இல்லாத அத்தியாயம்

நல்ல கதையைப் படமாக்குகிறார்கள் என்றாலே எனக்குக் கிலி. ஆனாலும் அந்தத் தொடர்கதை படமாக வந்ததும், வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே என் ஓரகத்தியைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வயதில் மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

வாரப் பத்திரிகையில் அது வந்த காலத்தில் நான் மிஷினில் தைத்துக்கொண்டிருப்பேன், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். ஒரு வாரம் மழையில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை, பத்திரிகையும் வரவில்லை. மலையிறங்கிப் போய் வந்த வாத்தியார் வீட்டில் படித்துவிட்டதாகச் சொல்லி, அந்த அத்தியாயத்தை மட்டும் அக்கா வாயாலேயே சொன்னாள்.

என் முதல் குழந்தை பிறந்ததும் போய்விட்ட மாதம் அது. சோற்றைப் பார்த்தாலே குமட்டும். கதையிலும் நாயகி பிள்ளையைப் பறிகொடுத்துப் பட்டினி கிடக்கிறாள். அக்கா சொன்ன அந்த அத்தியாயத்தில், எப்போதும் சிடுசிடுக்கிற பக்கத்து வீட்டுக்காரி சாமைக் கஞ்சியோடு வந்து எதிரில் உட்காருகிறாள். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. நீ சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவேன், எனக்குச் சர்க்கரை, பசி தாங்காது என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று நானும் சாப்பிட்டேன். அதன்பிறகு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கதையில் வரவே இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று எனக்கு வருத்தம்தான்.

படத்தில் பிள்ளை செத்த வீட்டிலும் நாயகியின் உதட்டுச் சாயம் கலையவில்லை. அடுத்து ஒரு பாட்டு, வெளிநாட்டுப் பனியில். கஞ்சி வரும், கஞ்சி வரும் என்று கடைசிவரை காத்திருந்ததுதான் மிச்சம்.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உட்கார்ந்து டைரக்டரைத் திட்டித் தீர்த்தேன். கதைக்கு உயிரே அந்த இடம்தான், அதையா வெட்டுவான் என்று புலம்பினேன். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவன் இன்னா பண்ணுவான்? கதையிலயே அது இல்லடி."

"நீதானக்கா சொன்ன?" என்றேன்.

"அந்த வாரம் புக்கு வாத்தியார் வூட்டுக்கும் வரல. நீ சாப்புடாம கெடந்துக்கினு இருந்த. எனக்கு வேற இன்னா சொல்றதுன்னு தெரியல."

எனக்கு அழுகை வந்தது. மேசையில் இரண்டு தட்டு இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அக்கா தன் தட்டைத் தொடவில்லை. இப்போது அவளுக்கு நிஜமாகவே சர்க்கரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் முதலில் சாப்பிட ஆரம்பித்தேன்.