தேவேந்திரனின் அகல டயர்

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் தேவேந்திரனுக்குக் கார் என்றால் உயிர். வேகத்துக்கென்றே செய்த சிவப்புக் கார் ஒன்றைப் பழசாக வாங்கி, கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து அகலமான அலாய் வீலும் டயரும் கப்பலில் வரவழைத்து மாட்டினார். மேடும் வளைவுமான இந்தத் தீவில் எங்கே பறக்கப்போகிறாய் என்று கேட்டவர்களோடு அவர் பேசுவதில்லை.

டயர் மட்கார்டை ஒட்டி நின்றது. பின்சீட்டில் கனமானவர் உட்கார்ந்தால் போதும், பள்ளத்துக்குப் பள்ளம் ‘கர்ர்ர்’ என்று உரசும். ஒருநாள், சிப்பிகாட் என்ற ஊரிலிருந்த மாமியார் செல்லத்தைக் கோயிலுக்கு ஏற்றிப் போனார். வழி நெடுகக் கர்ர்ர்.

“நான் குண்டுன்னு காரை விட்டுச் சொல்லிக் காட்டுறீங்களா மாப்ள?”

அன்றிலிருந்து செல்லம் சோற்றைக் குறைத்தார், காலையில் நடந்தார், மருமகனோடு பேச்சையும் நிறுத்தினார். மனைவி சித்ரா முறைத்த முறைப்பில் தேவேந்திரன் பழைய வீலையே திரும்ப மாட்டினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த முறை செல்லம் ஏறினார். சத்தமே இல்லை.

“தேகோ, பாரு சித்ரா, நடந்ததுக்குப் பலன்!” என்று பூரித்தவர், இறங்கியதும் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். “ஏன் மாப்ள, டயர் ஒல்லியாத் தெரியுது?”

“அதுவும் உங்ககூடச் சேர்ந்து இளைச்சிருச்சு அத்தை.”