ரேவதி அழைத்துப்போன பதினொரு பேர்

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. தர்மபுரி மாவட்டத்திலிருந்து அந்தமானுக்குப் போன நாங்கள் பதினொரு பேரும் அன்று ஸ்வராஜ் தீவில் இருந்தோம். எங்களை அழைத்துப்போனவர் கடத்தூர் ரேவதி, வயது முப்பத்தாறு. சுற்றுலா நடத்தும் ஜெயபாலிடம் ஆறு வருடம் டிக்கெட் பதிவு செய்தவர். ஒரு குழுவைத் தனியாக நடத்துவது அவருக்கு அதுவே முதல் முறை. "ஒரு ஆள் தவறினாலும் மறுபடியும் ஆபீஸ் நாற்காலிதாம்மா" என்று எங்கள் முன்பாகவே சொல்லித்தான் ஜெயபால் அனுப்பியிருந்தார்.

விடுதிகள் வரிசையாக இருக்கும் தீவின் கிழக்குக் கரையோரச் சாலையில் காலையிலிருந்து சுற்றினோம். ஒரு பக்கம் பச்சையும் நீலமுமாகக் கடல், மறுபக்கம் தென்னையும் பாக்கும். ஒரு விடுதியில் சாப்பிட்டுவிட்டு 1.50க்கு வேனில் ஏறியபோது இண்டூர் விவசாயி மாதுவைக் காணவில்லை. வயது எழுபத்தொன்று. அவருடைய போன் இருக்கையிலேயே கிடந்தது. கப்பல் மூன்று மணிக்கு. துறைமுகத்துக்குப் பதினோரு கிலோமீட்டர்.

எல்லோரும் கடலை நோக்கி ஓடினோம். "தண்ணில எறங்கிட்டாரோ என்னமோ" என்றார் எங்களோடு வந்த ராமக்கா.

ரேவதியின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் அவர் ஓடவில்லை. "மூணு நாளா அவுரு கடலை எத்தன தடவ பாத்தாருங்க?" என்று கேட்டார்.

யோசித்தோம். மாது எப்போதும் கடலுக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத்தான் பிடித்துக்கொள்வார். ரேவதி திரும்பி, விடுதிச் சமையலறைக்குப் பின்பக்கம் நடந்தார்.

2.14க்கு ஆள் அகப்பட்டார். விடுதியின் காய்கறித் தோட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் சாய்ந்த தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் வங்க மொழியில் ஏதோ சொல்ல, இவர் தமிழில் கடிந்துகொண்டிருந்தார்.

"பெரியப்பா, கப்பலுக்கு நேரமாச்சுங்க."

"இன்னும் ரெண்டு வரிசதாம்மா. காயெல்லாம் மண்ணுல கெடந்து வீணாப் போவுது பாரு."

"போவட்டும். இப்ப நீங்க வர்லீன்னா நானும் இங்கியே தக்காளி நடவேண்டியதுதான்."

2.52க்குக் கப்பலில் ஏறிவிட்டோம். நடந்ததை யாரும் ஜெயபாலிடம் சொல்வதில்லை என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். ஆனால் ரேவதியே அவரை அழைத்தார்.

"ஒருத்தர இருவத்திநாலு நிமிசம் தவறவுட்டுட்டேங்க. தோட்டத்துல இருந்தாரு. கூட்டியாந்துட்டேன்."

மாது போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஜெயபாலு, எம்பொண்டாட்டி நாப்பத்தெட்டு வருசமா என்னயத் தேடறா. இவ்ளோ சீக்கிரம் அவளே கண்டுபுடிச்சதில்லப்பா."

ஏப்ரல் 6-ஆம் தேதி புறப்பட்ட அடுத்த குழுவையும் ரேவதிதான் அழைத்துப்போனார். போனவர்கள் பதினான்கு பேர். திரும்பியவர்களும் பதினான்கு பேர்.