மழைக்காரரின் கடைசிப் பக்கம்

போன கிழமை நுவரெலியா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கைபேசியில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. எந்தச் சித்திரக்கதை எழுத்தாளர் எந்த ராக் இசைக்குழுவுக்குச் சமம் என்று ஒருவர் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆராய்ச்சியை நானும் ரிஸ்வானும் அந்தக் காலத்திலேயே செய்து முடித்துவிட்டோம்.

நான் அப்போது வட்டகொடைப் பக்கம் தொண்டர் ஆசிரியர். ரிஸ்வானுக்கு ஹட்டனில் கசெட் பதிந்து கொடுக்கும் கடை. சனிக்கிழமை ரயிலேறிப் போவேன். என் சித்திரக்கதையை அவன் வாசிப்பான், அவன் பதிந்த கசெட்டை நான் கேட்பேன். ஆனால் சமமான ஆளுக்குச் சமமான குழுதான் கைமாற வேண்டும். அதற்காகத்தான் அத்தனை வாக்குவாதமும். புத்தகங்களில் எழுதியவர் பெயர் இருக்காது, நாங்களே வைத்தோம். கொலை விழும்போதெல்லாம் மழை பெய்ய வைப்பவருக்கு மழைக்காரர் என்று பெயர்.

மழைக்காரர் கதையை முடிக்க மாட்டார். கொலையாளியின் நிழல் கதவில் விழும், அத்தோடு சரி. ரிஸ்வான் சொக்கிப் போனான்.

"மச்சான், இவரு லேசுப்பட்ட ஆள் இல்ல. முடிவ நம்மகிட்டயே விட்டுட்டுப் போறாரு. என்கிட்ட ஒரு குழு இருக்கு, அவங்களும் இப்புடித்தான், பாதியில நிப்பாட்டிருவாங்க. அதான் ஸ்டைலு."

அவனிடம் இருந்ததிலேயே பெரிய குழு அதுதான். மழைக்காரர் அதற்குச் சமமானார்.

பஸ்ஸுக்குள் நனைந்த குடைகளின் வாடை. அந்த வாடை வந்தாலே எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்படி ஞாபகம் வந்துவிடும். ஒரு விடியற்காலை அங்கே அம்மா, மழைக்காரர் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து அடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். அவர் புத்தகம்தான் மலிவான தாள், சட்டென்று பற்றுமாம்.

"வெறகு ஈரமாக் கெடக்கு. ஒவ்வொரு பொத்தகத்துலயும் கடைசி ஒரு தாளத்தானே கிழிச்சேன்? மிச்சம் அம்புட்டும் இருக்குல்ல?"

நான் ரிஸ்வானிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மழைக்காரர் கீழே இறங்கிவிடுவார், அந்தக் கசெட்டும் எனக்குக் கிடைக்காது. வாத்தியார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தேன்.

கட்டுரையில் அதே குழுவும் இருந்தது, கூடவே அந்தக் கசெட்டில் இருந்த பாட்டும். காதில் மாட்டிக் கேட்டேன். எங்கள் கசெட்டில் பாட்டு அறுந்து நின்ற இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை. கிட்டார் இன்னும் நாலு நிமிடம் ஓடி, முறையாக முடிந்தது. அடப்பாவி, துண்டு நாடாவில் பதிந்து, இடம் போதாமல் போனதற்கு ஸ்டைல் என்று பெயர் வைத்திருக்கிறான்! நான் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஹட்டனில் அந்தக் கடை இப்போது போன் உறை விற்கிறது. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, யாரும் தாள் கிழிப்பதில்லை. ரிஸ்வானை இரண்டு வருஷத்துக்கு முன் அடக்கம் செய்தார்கள். மையவாடியில் அவன் மகன், "வாப்பா கடைசி வரைக்கும் அந்த மழைக்காரர் பத்தித்தான் பேசுவாரு, சேர்" என்றான். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. இன்று உண்மையைச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டும்போல் இருக்கிறது, திருப்பித் திட்ட அவன் இல்லை.