பெனிஷாவின் குண்டு எழுத்து

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் பெனிஷாவுக்கு அடக்கம் வராது. அதற்காக அவள் வருந்தியதும் இல்லை. ஓர் எழுத்துருவையே தன் கையால் வரைந்தவள் எதற்கு அடங்கவேண்டும் என்பது அவள் கட்சி.

எல்லாம் ஒரு சண்டையில்தான் தொடங்கியது. பள்ளி வேன்கள் ஓட்டும் செங்கல்வராயன் ஒருநாள் வேனைக் கடைவாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினார்.

"இன்னாம்மா ஒட்டிக் குடுத்தே? ரெண்டு மழகூட தாங்கல, கருவேப்பில கணக்கா சுருண்டுகினு கீது!"

வேனின் பக்கவாட்டில் அவள் ஒட்டியிருந்த 'பள்ளி வாகனம்' பரிதாபமாக இருந்தது. புள்ளிகள் இரண்டும் வண்டி கழுவியபோதே போய்விட்டன. ப-வின் முனைகள் தூக்கிக்கொண்டு நின்றன. புது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டிருக்கலாம். பெனிஷா குனிந்து ஒவ்வோர் எழுத்தாக நகத்தால் தடவிப் பார்த்தாள். உரிந்த இடமெல்லாம் கூர்முனை. வளைந்த இடம் ஒன்றுகூட உரியவில்லை.

"ஒட்டுனதுல தப்பில்லண்ணே, எழுத்துலதான் தப்பு. மூலைல காத்து பூந்து தூக்குது. மூலையே இல்லாத எழுத்தா போட்டுத் தரேன், கொஞ்சம் டைம் குடு."

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, அவள் மனதில் இருந்த எழுத்து எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சரி, நாமே வரைவோம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கோடு தடிமனாக இருந்தால் பசை பிடிக்க இடம் அதிகம்; முனை உருண்டையாக இருந்தால் காற்றுக்குப் பிடி கிடைக்காது. கேட்கச் சுலபம். ஆனால் கோடு தடிக்கத் தடிக்க ள-வின் சுழி அடைத்துக்கொண்டது. ன எது, ண எது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் கணவன் டேவிட் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பெனி, எழுத்துக்கெல்லாம் வீக்கமா?" என்றான்.

வீக்கம்தான். சுழிகளை அகலப்படுத்தி உள்ளே வெளிச்சம் விட்டாள். புள்ளியைப் பொத்தான் அளவுக்குப் பெரிதாக்கினாள். ஃ மட்டும் அடம்பிடிக்காமல் வந்தது. ழ-வின் வால் அவளைப் படாதபாடு படுத்தியது. வளைத்தால் வயிறு அடைத்தது, நீட்டினால் அடுத்த எழுத்தை முட்டியது. கடைசியில் வாலைச் சற்றே வெளியே தள்ளிவிட்டதும், கொழுகொழு குழந்தை கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி அது உட்கார்ந்துகொண்டது.

செங்கல்வராயனின் வேன்களில் அந்த எழுத்து ஒரு கோடை, ஒரு மழைக்காலம் தாண்டியும் அப்படியே இருந்தது. அப்புறம் டிபன் கடை கேட்டது. தண்ணீர் லாரி கேட்டது. பாரிவாக்கத்துப் புது அடுக்குமாடியின் செயலாளர் சபீனாவும் கேட்டாள். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று போட்டுக் கொடுத்தாள் பெனிஷா. ஒரு வாரத்தில் சபீனாவிடமிருந்து போன்.

"மேடம், எல்லாரும் படிச்சுட்டுச் சிரிச்சுட்டே நிறுத்திட்டுப் போறாங்க."

பெனிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. "அதுக்கு அதட்ட வராது மேடம். கூப்பிடத்தான் தெரியும். வேற எழுத்துல போட்டுத் தரேன்." அன்றிலிருந்து எச்சரிக்கைப் பலகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் யார் வற்புறுத்தினாலும் அவள் அந்த எழுத்தைத் தருவதில்லை.

போன வருடம் டேவிட்டோடு பைக்கில் பூந்தமல்லி போனபோது, 'மழலையர் காப்பகம்' என்ற பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். தூரத்திலிருந்து பார்த்தால் அவள் எழுத்து. ஆனால் அவள் செய்த பலகை இல்லை. கிட்டே போனால் ழ-வின் வயிறு அடைத்துக் கிடந்தது. பலகையின் கீழ் ஓரத்தில் அதைச் செய்த ஸ்டிக்கர் கடையின் பெயர் இருந்தது; படித்துவிட்டு நேரே அங்கே போனாள். கடைக்காரன் விஷ்ணுவுக்கு அவளை முன்பே தெரியும்; கண்டதும் எழுந்துவிட்டான்.

"திருடுறதுதான் திருடுறே, ஒழுங்கா திருடுனா இன்னா?" என்றாள். "ழ-வ கொன்னு வெச்சிக்கீறே!"

"வேன்ல கீறத போட்டோ புடிச்சி வரைஞ்சேங்கா," என்றான் அவன். "வர்றவன்லாம் அந்த எழுத்துதான் வேணும்றான். நான் இன்னா பண்றது?"

வர்றவனெல்லாம் கேட்கிறான் என்றதில் பாதிக் கோபம் போய்விட்டது. அவனை நகரச் சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்து ழ-வைச் சரிசெய்தாள். சேமிக்கும்போதுதான் கவனித்தாள்: எழுத்துக்கு 'குண்டு' என்று பெயர் வைத்திருந்தான்.

"இதுக்கு நெஜப் பேரு இன்னாக்கா?"

அவள் பெயரே வைத்திருக்கவில்லை. வாசலில் நின்ற டேவிட், "எங்கம்மா பேர வையேன், தெரசான்னு. அது சந்தோஷப்படும்," என்றான். பெனிஷா 'குண்டு'வை அழித்துவிட்டு 'பெனிஷா' என்று அடித்தாள்.

"உன் பேரையேவா?"

"நான்தான வரைஞ்சேன்?"

மறுநாள் மொத்த எழுத்துகளையும் பென் டிரைவில் போட்டு விஷ்ணுவுக்கு அனுப்பினாள். யார் கேட்டாலும் பெயரைச் சொல்லவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இப்போது பூந்தமல்லியிலிருந்து ஆவடிவரை அந்த எழுத்து இல்லாத தெரு குறைவு. போன வாரம் டேவிட்டோடு பைக்கில் போனபோது, கோவில்பதாகையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைமுன் வண்டிகள் தேங்கி நின்றன. பெனிஷா பக்கத்து ஸ்கூட்டர்க்காரரின் தோளைத் தட்டிப் பலகையைக் காட்டினாள்.

"அந்த எழுத்து நான் வரைஞ்சது."

டேவிட் கூச்சத்தில் நெளிந்தான். அந்த மனிதர் ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்திப் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நல்லா கீதும்மா."

"நல்லாத்தான் இருக்கும்," என்றாள் பெனிஷா.